வகுப்புத் தோழன் மெல்ல விலகிப் போகிறான்: ஜெர்மனியில் நவ நாஜிகள் பிள்ளைகளை எப்படி இழுக்கிறார்கள்?

கார்குழலி (சாக்சனி)

வணக்கம். இங்கே இதுவரை நான் கேட்டதெல்லாம் வாடகை வீடு, விசா, சாம்பார்ப் பொடி எங்கே கிடைக்கும் என்பது மாதிரிதான். இன்றைக்குக் கேட்பது வேறு.

என் மகனுக்கு 14 வயது. ஐந்தாம் வகுப்பிலிருந்து அவனோடு படிக்கிற ஒரு பையன் மூன்று வருடமாக எங்கள் வீட்டில் ஒருவனாகப் புழங்கினான். உளுந்து வடை சுட்டால் எண்ணெய் வடிய விடமாட்டான், சுடச்சுட எடுத்துத் தின்பான். நடுவில் ஓட்டை இருப்பதால் அதற்கு 'மோதிரம்' என்று பெயர் வைத்திருந்தான். போன குளிர்காலத்திலிருந்து வருவதில்லை. பிள்ளைகளுக்குள் சண்டை, சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு வாரம் முன்னால் டிராம் நிறுத்தத்தில் அவனைப் பார்த்தேன். கூட இரண்டு பெரிய பையன்கள், பதினெட்டு இருபது வயது இருக்கும். கால அட்டவணைக் கம்பத்தில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் இவன் கையை மட்டும் பைக்குள் விட்டுக்கொண்டான். அவர்கள் காதில் விழாதபடி மெதுவாக வணக்கம் சொன்னான். டிராம் போன பிறகு கிட்டப் போய்ப் பார்த்தேன். வெளிநாட்டவரை வெளியேற்று என்கிற ஸ்டிக்கர்.

அவன் அம்மா ராத்திரி ஷிப்ட் பார்க்கிற நர்ஸ், நல்ல பெண். அந்த வீட்டில் ஒரு கெட்ட வார்த்தை நான் கேட்டதில்லை. இப்படிப்பட்ட பையனை எதைக் காட்டி இழுக்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வன்னிமரம் (டோர்ட்முண்ட்)

தங்கச்சி, நான் 86இல் கிழக்கு பெர்லின் வழியாக வந்து இறங்கினவன். 91இல் ஹொயர்ஸ்வெர்டாவில், 92 ஆகஸ்டில் ரோஸ்டொக் லிஷ்டன்ஹாகனில் வெளிநாட்டவர் தங்கியிருந்த கட்டடங்களைத் தாக்கினார்கள். வியட்நாம் சனம் இருந்த கட்டடத்துக்கு நெருப்பு வைத்தபோது கீழே நின்ற அயல் சனம் கை தட்டினதை டிவியில் பார்த்தோம். அதே வருடம் நவம்பரில் மேல்ன் என்ற ஊரில் ஒரு துருக்கிக் குடும்பத்தின் வீட்டைக் கொளுத்தி மூன்று பேரைக் கொன்றார்கள். 93 மே மாதம் சோலிங்கனில் ஐந்து பேர். அந்த நாட்களில் நாங்கள் இருந்த முகாமில் மாடிப்படிக்குப் பக்கத்தில் தண்ணீர் வாளிகளை வரிசையாக வைத்துவிட்டு, முறை போட்டு விழித்திருப்போம். சப்பாத்தைக் கழற்றாமல் படுத்த இரவுகள் உண்டு.

அப்போது ஆளைப் பார்த்தாலே தெரியும். மொட்டைத் தலை, கனத்த பூட்ஸ், பைலட் ஜாக்கெட். லொன்ஸ்டேல் (Lonsdale) என்ற கம்பனிப் பெயர் எழுதிய சட்டையைப் போட்டு, மேலே ஜாக்கெட்டைப் பாதி திறந்து விடுவார்கள். NSDA என்று ஹிட்லர் கட்சிப் பெயரின் முதல் நாலு எழுத்து மட்டும் வெளியில் தெரியும். அந்தக் கம்பனிக்கே அது பெரிய அவமானமாகி, பிறகு இனவாதத்துக்கு எதிராக விளம்பரம் செய்தது.

2000க்குப் பிறகு உடுப்பு மாறிவிட்டது. எங்கள் டோர்ஸ்ட்பெல்ட் பக்கம் பெடியன்கள் கறுப்பு ஹூடி, தொப்பி, ஸ்போர்ட்ஸ் சப்பாத்து என்று இடதுசாரிப் பிள்ளைகளைப் போலவே வரத் தொடங்கினார்கள். பழைய பூட்ஸைப் பார்த்துப் பயப்படுகிற பிள்ளை இந்த உடுப்பைப் பார்த்துப் பயப்படாது. நீங்கள் பார்த்த பெரிய பெடியன்களும் அப்படித்தான் இருந்திருப்பார்கள்.


கார்குழலி

ஆமாம் அண்ணா. சாதாரண ஹூடிதான். ஒருவன் எனக்குக் கதவு பிடித்துவிட்டிருந்தால்கூட நன்றி சொல்லியிருப்பேன்.


யேனாக்காரன் (யேனா)

அக்கா, நான் ஆறு வருடமாக யேனாவில் இருக்கிறேன், ஆராய்ச்சி மாணவன். இது கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊரின் தெற்கே வின்ட்ஸர்லா என்று ஒரு பகுதி, வரிசை வரிசையாகக் கிழக்கு ஜெர்மனி காலத்து அடுக்குமாடிகள். என் நண்பன் அங்கேதான் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடுவோம். 1990களின் தொடக்கத்தில் அங்கே ஓர் இளைஞர் மன்றம் இருந்தது. பெர்லின் சுவர் விழுந்து, ஆலைகள் மூடி, பெரியவர்களே திகைத்து நின்ற காலம். பையன்கள் மாலையில் போய் உட்கார அது ஓர் இடம். அங்கே வந்து போனவர்களில் உவே முண்ட்லோஸ், உவே பேன்ஹார்ட், பெயாட்டே ஷேப்பே என்ற மூன்று பேர் உண்டு. பின்னாளில் தேசிய சோசலிசத் தலைமறைவுக் குழு என்ற பெயரில் கொலைகள் செய்தவர்கள் இவர்கள்தான்.

அந்தக் காலத்து இளைஞர் பணியில் ஒரு கொள்கை இருந்தது: வலதுசாரிப் பையன்களை ஒதுக்காதே, அவர்களை அப்படியே ஏற்றுக்கொண்டு பேசிப் பேசி மாற்று. கேட்க நல்ல எண்ணம்தான். நடந்தது என்னவென்றால், பல ஊர்களில் மன்றமே அவர்கள் கைக்குப் போனது. முடி நீளமாக வைத்திருந்தவன், நிறம் வேறாக இருந்தவன் எல்லாம் வருவதை நிறுத்திக்கொண்டான். வராதவனை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. உங்கள் வீட்டுக்கு அந்தப் பையன் வராமல் போனதை நீங்கள் கவனித்தீர்களே, அந்தக் கவனம் அன்றைக்கு அந்தப் பெரியவர்களிடம் இல்லை.

அப்புறம் அமைப்பு வந்தது. எங்கள் மாநிலமான துரிங்கியாவின் பெயரில் துரிங்கியத் தாயகக் காவல் என்று பெயர், தலைவர் டீனோ பிராண்ட். பிள்ளைகளுக்குக் கூட்டம், பயணம், இசை நிகழ்ச்சி, ஊர்வலம் என்று வாரம் முழுக்க ஏதாவது ஒன்று இருக்கும். கொடுமை என்னவென்றால் இந்த பிராண்ட் மாநில உளவுத் துறையின் சம்பளம் வாங்கிய தகவலாளி. 1994 முதல் 2001 வரை ஏறக்குறைய 2,00,000 மார்க் வாங்கியவர், அதில் ஒரு பகுதியை இயக்கத்துக்கே போட்டதாக அவரே சொன்னார். கண்காணிக்கக் கொடுத்த காசு வளர்க்கப் போயிற்று.


தறிக்காரன் (கோயம்புத்தூர்)

நான் ஜெர்மனி பக்கமே வந்ததில்லை, வாசிக்கிறவன் மட்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் வேலையில்லாத் திண்டாட்டம்தானே? ஆலையை மூடினால் பையன் தெருவுக்கு வருவான், எவன் கூப்பிட்டாலும் போவான். அடிப்படையைச் சரி செய்யாமல் ஸ்டிக்கரைக் கிழித்து என்ன பயன்?


யேனாக்காரன்

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன் சார். ஆனால் முண்ட்லோஸின் அப்பா கணினித் துறைப் பேராசிரியர். பேன்ஹார்டின் அம்மா பள்ளி ஆசிரியை, அப்பா பொறியாளர். சோற்றுக்கு இல்லாமல் யாரும் அங்கே போகவில்லை. வேலையில்லாமை கூட்டத்தைப் பெரிதாக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட பையன் ஏன் போகிறான் என்றால், அங்கே அவனை ஒருவன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். இதிலிருந்து வெளியே வந்தவர்கள் கொடுத்த பேட்டிகளை எத்தனையோ வாசித்துவிட்டேன். முதல் நாள் கொள்கை பேசினார்கள் என்று சொன்னவர்கள் குறைவு. கார் வைத்திருந்த அண்ணன் கூட்டிப் போனான், பாட்டுப் போட்டான், பீர் வாங்கிக் கொடுத்தான், பள்ளியில் அடித்தவனைத் திருப்பி அடித்தான் என்றுதான் வருகிறது. யூதன், துருக்கியன், கறுப்பன் என்கிற பேச்செல்லாம் அந்த நட்பை விட முடியாத நிலை வந்த பிறகு.


நீலமலை (லைப்ஸிக்)

பாட்டைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே. சாக்சனியில் இது பெரிய கதை. 2004இல் நவ நாஜிக் குழுக்கள் சேர்ந்து 'பள்ளி முற்றத் திட்டம்' என்று ஒன்றைப் போட்டார்கள். 50,000 சிடி அடித்துப் பள்ளி வாசல்களில் இலவசமாகக் கொடுப்பது. நீதிமன்றம் பறிமுதல் செய்ய உத்தரவிட்டது. ஆனால் அந்த யோசனையை என்பிடி என்ற தீவிர வலதுசாரிக் கட்சி எடுத்துக்கொண்டு, சட்டத்தில் சிக்காத பாடல்களாகப் பொறுக்கிப் போட்டு, அதே ஆண்டு சாக்சனித் தேர்தலில் தன் சிடியைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்தது. அந்தத் தேர்தலில் 9.2 சதவீதம் வாங்கிச் சட்டமன்றத்துக்குள் போனது.

எனக்குத் தெரிந்த ஒரு ஜெர்மன் தோழி அப்போது ஒன்பதாம் வகுப்பு. கொடுத்தவர் ரொம்ப மரியாதையாக, சிரித்த முகமாக இருந்தார் என்றாள். வீட்டில் போட்டுக் கேட்டால் முதல் இரண்டு பாட்டு ஊர், நட்பு, வேலை போன அப்பா. மூன்றாவது பாட்டில்தான் அவள் அம்மா எழுந்து வந்து நிறுத்தினாராம்.

இசை ஆள் சேர்க்க மட்டுமில்லை, வருமானமும் அதுதான். 2017 ஜூலையில் தேமார் என்ற சின்ன ஊரில், மொத்தம் மூவாயிரம் பேர் வாழ்கிற ஊரில், ஏறக்குறைய 6,000 பேர் நவ நாஜி ராக் நிகழ்ச்சிக்குக் கூடினார்கள். அதை அரசியல் கூட்டம் என்று பதிவு செய்ததால் தடுக்க முடியவில்லை. உள்ளே போகக் கொடுக்கிற காசுக்கு நன்கொடை என்று பெயர்.

ஆனால் 2019இல் ஓஸ்ட்ரிட்ஸ் மக்கள் செய்ததையும் சொல்ல வேண்டும். அதே மாதிரி விழாவில் நீதிமன்றம் மதுவைத் தடை செய்தது, போலீஸ் 4,000 லிட்டருக்கு மேல் பீரைப் பறிமுதல் செய்தது. இவர்கள் ஊர்க் கடையில் போய் வாங்குவார்களே என்று ஊர்க்காரர்கள் முந்திக்கொண்டு கடையிலிருந்த பீர்ப் பெட்டிகளை எல்லாம் தாங்களே வாங்கிப் போய்விட்டார்கள். போலந்து எல்லையில் இருக்கிற சின்ன ஊர் அது. எனக்கு அந்த ஊர் மேல் பெரிய மரியாதை.


நடத்துநர்

விவாதம் நல்லபடியாகப் போகிறது. ஒரு வேண்டுகோள்: அடையாளம் காட்டுவதற்காகக்கூடச் சின்னங்களின் படத்தையோ அந்தப் பாடல்களின் இணைப்பையோ போட வேண்டாம். இரண்டு படங்களை நீக்கியிருக்கிறேன். ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு, இப்படிப்பட்ட சின்னங்களைக் காட்டுவதைக் குற்றமாக்குகிற குற்றவியல் சட்டம் 86அ பிரிவு நினைவிருக்கட்டும். எழுத்தில் விளக்கினால் போதும்.


பெக்னிட்ஸ் கரை (நூரன்பெர்க்)

யேனாக்காரன் தொட்டுவிட்டுப் போன அந்த மூவரின் கொலைக் கதையை நான் முடிக்கிறேன். நான் வேலைக்குப் போகிற வழியிலிருந்து அதிக தூரம் இல்லை முதல் கொலை நடந்த இடம்.

2000 செப்டம்பர் 9. சாலையோரம் வேன் நிறுத்திப் பூ விற்கிற இடம். என்வர் ஷிம்ஷெக் என்பவர் விடுப்பில் போன வேறொரு ஆளுக்குப் பதிலாக அன்றைக்கு வந்திருந்தார். பூ மொத்த வியாபாரி, 38 வயது. வேனுக்குள்ளேயே சுட்டுப் போட்டார்கள். இரண்டு நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தார். அவர் மகள் செமியாவுக்கு அப்போது 14 வயது. கார்குழலி அக்கா பையனின் வயது.

அடுத்த பதினோரு வருடம் அந்தக் குடும்பம் பட்டது சொல்லி முடியாது. போதைப்பொருள் கடத்தினாரா, மாபியாவோடு சண்டையா என்று போலீஸார் விசாரித்தார்கள். மனைவியிடம் ஒரு பெண்ணின் படத்தைக் காட்டி, உன் கணவருக்கு இவளோடு தொடர்பு, பிள்ளைகூட உண்டு என்று பொய் சொல்லிப் பார்த்தார்கள். ஒரே துப்பாக்கியால் 2006க்குள் ஒன்பது பேர் கொல்லப்பட்டார்கள், எட்டு பேர் துருக்கி வம்சாவளி, ஒருவர் கிரேக்கர். விசாரணைக் குழுவுக்கு 'பொஸ்பொரஸ்' என்று துருக்கியிலுள்ள நீரிணையின் பெயர். பத்திரிகைகள் வைத்த பெயர் 'டோனர் கொலைகள்', டோனர் என்பது துருக்கி இறைச்சி உணவு. செத்தவர்களில் பூ வியாபாரி, தையல்காரர், பழக்கடைக்காரர் எல்லாம் இருந்தார்கள். துருக்கிக்காரன் என்றால் டோனர் என்று ஒரே அச்சில் வார்த்தார்கள்.

அந்த ஒன்பது பேரில் கடைசியாகக் கொல்லப்பட்ட ஹலித் யோஸ்கட்டுக்கு 21 வயது, கஸல் நகரில் இன்டர்நெட் கடை வைத்திருந்தார். அதற்கு அடுத்த மாதம், 2006 மே மாதம், குடும்பங்கள் அந்த நகரில் ஊர்வலம் போனார்கள். கையில் பிடித்த பதாகை: '10வது பலி வேண்டாம்'. கொன்றவர்கள் இனவெறியர்கள் என்று அந்தக் குடும்பங்களுக்கு அன்றைக்கே தெரியும். ஊர்வலத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் துருக்கி வம்சாவளி மக்கள்தான். ஜெர்மனி கேட்கவில்லை. 2007இல் பத்தாவதாக ஒரு போலீஸ் பெண்ணைக் கொன்றார்கள். 2011 நவம்பர் 4 அன்று ஐசனாக்கில் ஒரு வங்கிக் கொள்ளைக்குப் பிறகு முண்ட்லோஸும் பேன்ஹார்டும் கேரவன் வண்டியில் செத்துக் கிடந்த பிறகுதான் விஷயமே வெளியே வந்தது. ஒரு வாரத்தில் மத்திய உளவு அமைப்பில் சம்பந்தப்பட்ட கோப்புகளைக் கிழித்துப் போட்டார்கள். அதன் தலைவர் 2012இல் பதவி விலகினார். ஷேப்பேவுக்கு 2018 ஜூலையில் ஆயுள் தண்டனை.

2012இல் பெர்லின் நினைவுக் கூட்டத்தில் செமியா பேசினார். பதினோரு வருடம் நாங்கள் மனச்சுத்தியோடு பாதிக்கப்பட்டவர்களாக இருக்கக்கூட முடியவில்லை என்றார். அதை நேரலையில் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, எழுந்து போக மனம் வரவில்லை.


மணல்மேடு (துபாய்)

எல்லாம் சரி. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்பட வேண்டாம். நம்மை வெறுக்கிற பையனை நாம் ஏன் காப்பாற்ற வேண்டும்? அது அவர்கள் நாட்டுப் பிரச்சினை. 2007இல் மூகல்ன் என்ற ஊரில் திருவிழா நடந்த இரவு எட்டு இந்தியர்களைத் துரத்தித் துரத்தி அடித்தார்களே. இந்தியர் ஒருவரின் பீட்சா கடைக்குள் ஓடித் தப்பினார்கள். அக்கா, மகனைக் கூட்டிக்கொண்டு ஊர் மாறுங்கள். அதுதான் என் புத்திக்குப் பட்டது.


நீலமலை

மூகல்ன் சம்பவத்தில் துரத்தினவர்கள் எல்லாரும் ஏதோ அமைப்பின் உறுப்பினர்கள் இல்லை. சாதாரண ஊர்க்காரர்களும் இருந்தார்கள். ஊர்த் தலைவர் எங்கள் ஊரில் தீவிர வலதுசாரிகளே கிடையாது என்று சொன்னார். அந்தப் பேச்சுதான் ஆபத்து. அமைப்புக்காரன் வந்து கடை விரிக்க அப்படிப்பட்ட ஊர்தான் தோது.


கார்குழலி

மணல்மேடு, உங்கள் அக்கறை புரிகிறது. இந்த ஊரில் எனக்கு நிரந்தர வேலை, கணவருக்கு ஆய்வகம். என் மகன் நாளைக்குக் காலையும் அந்தப் பையனுக்கு இரண்டு பெஞ்ச் தள்ளித்தான் உட்காரப் போகிறான். அது மட்டுமில்லை. என் கையால் சாப்பிட்ட பிள்ளை. போகட்டும் என்று விட மனசு ஒப்பவில்லை.


சிட்டுக்குருவி (பிராண்டன்பெர்க்)

இப்போது பாதி வேலை போனில் நடக்கிறது அக்கா. என் அக்கா மகன் விளையாடுகிற ஆன்லைன் கேமில் நடந்ததைச் சொல்கிறேன். ஹெட்போன் போட்டு ஆடும்போது ஒருவன் தினமும் வருவான். நன்றாக ஆடுவான், ஜெயித்த பொருளை இவனுக்குக் கொடுப்பான், இன்றைக்குப் பள்ளி எப்படி என்று கேட்பான். எங்கள் வீட்டில் ஒருத்தரும் அந்தக் கேள்வியை அவ்வளவு ஒழுங்காகக் கேட்டதில்லை. பிறகு குழுவில் ஒரு கேலிப்படம் வரும். கொஞ்சம் கூசுகிற மாதிரி. சிரிக்காதவன் 'ஜோக் புரியாதவன்'. சிரித்தவனுக்கு அதைவிட மோசமானது தனிச் செய்தியில் வரும். அப்புறம் டெலிகிராம் அழைப்பு. இவன் நிறம் தெரியாமல்தான் அவன் இவ்வளவும் செய்தான். வீடியோவை ஒருநாள் போட்டதும் திட்டித் தீர்த்துவிட்டுப் போய்விட்டான். பிள்ளை இரண்டு நாள் சாப்பிடவில்லை. அழுததும் பாதி அந்த நட்பு போனதற்காகத்தான்.

பெரியவர்கள்தான் இதைச் செய்கிறார்கள் என்றும் நினைக்க வேண்டாம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தாக்குதலுக்குத் தூண்டிக்கொண்டிருந்த ஓர் இணையக் குழுவின் தலைவன் எஸ்தோனியாவில் இருக்கும் 13 வயதுப் பையன் என்று 2020இல் தெரியவந்தது. இங்கே 2025 மே மாதம் 'கடைசித் தற்காப்பு அலை' என்ற குழுவைச் சேர்ந்த ஐந்து பேரைப் பயங்கரவாத வழக்கில் கைது செய்தார்கள், வயது 14 முதல் 18. 2024 ஆகஸ்டில் பவுட்சனில் தன்பால் ஈர்ப்பாளர் ஊர்வலத்துக்கு எதிராக ஏறக்குறைய 700 பேர் கூடினார்கள். அந்தக் காணொளியில் முகங்களைப் பாருங்கள், நிறையப் பேருக்கு மீசைகூட முளைக்கவில்லை.


வன்னிமரம்

சண்டைப் பயிற்சியும் இருக்கிறது. 'நிபெலுங்கர் போர்' என்று 2013 முதல் நவ நாஜிகளே போட்டி நடத்தினார்கள், 2019இல் தடை வந்தது. குடிக்காதே, உடம்பைக் கட்டு, ஒழுங்காக இரு என்று சொல்வார்கள். கேட்கிற தாய்க்குச் சந்தோசமாகத்தான் இருக்கும். பிள்ளை ஜிம்முக்குப் போகிறான், காலையில் எழும்புகிறான் என்று. தங்கச்சி, அந்த அம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்டீர்களா?


கார்குழலி

இல்லை அண்ணா. உன் மகன் நாஜி ஆகிறான் என்று ஒரு தாயிடம் எப்படிப் போய்ச் சொல்வது?


யேனாக்காரன்

அந்தச் சொல்லையே எடுக்க வேண்டாம் அக்கா. டிராம் நிறுத்தத்தில் கண்டதை மட்டும் சொல்லுங்கள், அவன் கையை மறைத்ததையும் சேர்த்து. அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெட்கம் மிச்சமிருக்கிற பையன்.

உதவிக்கு ஆள் உண்டு. நவ நாஜி இயக்கத்தை விட்டு வெளியே வர உதவுகிற எக்ஸிட் டாய்ச்லாந்து என்ற அமைப்பை 2000இல் முன்னாள் போலீஸ்காரர் பெர்ன்ட் வாக்னரும், இயக்கத்திலிருந்து வெளியே வந்த இங்கோ ஹாசல்பாக்கும் தொடங்கினார்கள். 2011இல் கெராவில் நடந்த நவ நாஜி இசை விழாவில் மண்டையோடு போட்ட 250 டிசர்ட்டை யாருக்கும் சந்தேகம் வராதபடி இலவசமாகக் கிடைக்கச் செய்தார்கள். வீட்டுக்குப் போய்த் துவைத்ததும் மேல் அச்சு கரைந்து, 'உன் டிசர்ட்டால் முடிந்தது உன்னாலும் முடியும்' என்ற வரியும், வெளியே வர உதவுகிறோம் என்ற செய்தியும் அடியிலிருந்து வந்தது. 2014இல் வுன்சீடல் ஊரில் நவ நாஜி ஊர்வலம் நடக்கிற ஒவ்வொரு மீட்டருக்கும் 10 யூரோ என்று ஊர்க்காரர்கள் அதே எக்ஸிட்டுக்கு நன்கொடை சேர்த்தார்கள். நடந்து முடித்தபோது 10,000 யூரோ.

சாக்சனியில் குல்டூர்பியூரோ என்ற நிறுவனத்தின் நடமாடும் ஆலோசனைக் குழு இருக்கிறது. பள்ளி, ஊராட்சி, பெற்றோர் யார் கூப்பிட்டாலும் பேசுவார்கள். போலீஸுக்குப் போவதற்கு முன் அவர்களிடம் போகலாம்.


கார்குழலி

நேற்று அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்த நேரமாகப் பார்த்துப் போனேன். வடை எடுத்துப் போனேன், வெறுங்கையோடு போக முடியவில்லை.

கண்டதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து போய் கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு டிசர்ட்டை எடுத்து வந்து மேசையில் விரித்தார். முதுகில் பெரிதாக 88. கால்பந்து சட்டை நம்பர் என்று நினைத்து மூன்று மாதமாகத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார். எட்டாவது எழுத்து எச், இரண்டு எச் சேர்ந்தால் ஹிட்லருக்குப் போடுகிற வணக்கம் என்று நான் சொல்ல வேண்டி வந்தது. விரலால் ஏ, பே, ஸே என்று எண்ணிப் பார்த்தார். எட்டில் விரல் நின்றது.

மகன் புதிதாக ஜிம்முக்குப் போகிறான், ஒரு அண்ணன் காரில் வந்து கூட்டிப் போகிறான், நல்ல பையன்கள் என்று நினைத்தேன் என்றார். வன்னிமரம் அண்ணா எழுதினதை அப்படியே வேறொரு வாயிலிருந்து கேட்ட மாதிரி இருந்தது.

ஆலோசனைக் குழுவுக்கு அவர் போனிலிருந்தே கூப்பிட்டோம். வியாழக்கிழமை நேரம் கொடுத்திருக்கிறார்கள். என்னையும் கூட வரச் சொன்னார், போகிறேன்.

நான் கிளம்புகிற நேரம் பையன் உள்ளே வந்தான். மேசையில் சட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வடைப் பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.